வான்கோழி வேட்டைக்கு மறைவுக் கூடாரம்: எதை வாங்குவது, எங்கே வைப்பது, எதில் உஷாராக இருப்பது?

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் தம்பியோ மச்சானோ வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்புகிறார். புல்வெளி ஓரத்தில் இலை, கிளை டிசைன் போட்ட சின்னக் கூடாரம். பக்கத்தில் இரண்டு பொம்மை வான்கோழிகள். "காலைல நாலு மணிக்கே வந்து உட்கார்ந்தாச்சு" என்று ஒரு மெசேஜ். என்ன கூத்து இது என்று தோன்றுகிறதா? அதுதான் 'கிரவுண்ட் பிளைண்ட்'. தரையில் வைக்கும் மறைவுக் கூடாரம். காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள் அதற்குள் ஒளிந்து உட்கார்ந்து பறவைக்காகக் காத்திருப்பார்கள்.

பார்ப்பதற்கு சாதாரண டென்ட் மாதிரி இருந்தாலும், இதை வாங்குவதிலும் வைப்பதிலும் நிறைய விஷயம் இருக்கிறது. தப்பாக வைத்தால் பறவை வராது. இன்னும் தப்பாக வைத்தால் பக்கத்துக் காட்டில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரரின் துப்பாக்கி உங்கள் பக்கம் திரும்பலாம். அதனால்தான் இந்த விளக்கம்.

முதலில் ஒரு விஷயம். இந்தியாவில் வன உயிரினங்களை வேட்டையாடுவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே சொல்வது எல்லாம் அமெரிக்காவின் கதை. அங்கே ஒவ்வொரு மாநிலமும் லைசென்ஸ் கொடுத்து, சீசன் தேதி குறித்து, ஒருவர் எத்தனை பறவை எடுக்கலாம் என்று கணக்கு வைத்து அனுமதிக்கிறது.

காட்டு வான்கோழியா? நம்ம ஊர் பண்ணை வான்கோழியா?

இரண்டும் ஒரே இனம்தான். ஆனால் குணம் வேறு. பண்ணை வான்கோழி கனத்த உடம்போடு மெதுவாக நடக்கும். காட்டு வான்கோழி ஓடும், பறக்கும், இரவில் உயரமான மரக்கிளையில் போய்த் தூங்கும். வளர்ந்த ஆண் பறவை சுமார் 7 முதல் 11 கிலோ வரை இருக்கும்.

ஒரு காலத்தில் கண்டபடி வேட்டையாடியும் காடுகளை அழித்தும் இந்தப் பறவையை ஏறக்குறைய ஒழித்தேவிட்டார்கள். பல மாநிலங்களில் ஒன்றுகூட மிச்சம் இல்லாமல் போனது. பிறகு 1937-ல் துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரிப்பணத்தை வனவிலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பும் சட்டம் வந்தது. மிச்சமிருந்த பறவைகளை வலை வீசிப் பிடித்து, காலியான காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று பல லட்சம் பறவைகள் இருக்கின்றன. அலாஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் வேட்டை சீசன் உண்டு.

வசந்த கால சீசன் தெற்கே ஃபுளோரிடாவில் மார்ச் மாதத்திலேயே தொடங்கிவிடும். வடக்கே நியூயார்க்கில் மே மாதம். இனப்பெருக்கக் காலம் என்பதால் ஆண் பறவை விடிகாலையில் கழுத்தை நீட்டி 'கொளகொளகொள' என்று கத்திப் பெட்டையைக் கூப்பிடும். வேட்டைக்காரர் பதிலுக்குப் பெட்டை மாதிரி குரல் எழுப்பி அதை வரவழைக்கப் பார்ப்பார். சுருக்கமாகச் சொன்னால், பறவையைத் தேடிப் போகிற வேட்டை இல்லை இது. பறவையைத் தன்னிடம் வரவைக்கிற வேட்டை.

ஒளிந்து உட்கார ஏன் இவ்வளவு பாடு?

காரணம் அதன் கண். வான்கோழிக்கு மோப்ப சக்தி ரொம்பக் குறைவு. அதற்கு ஈடாகப் பார்வை பயங்கரக் கூர்மை. கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி முக்கால்வாசியைப் பார்த்துவிடும். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் மீதியும் தெரியும். நிறங்களையும் நன்றாகப் பிரித்தறியும். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியில் ஒரு பகுதிகூட அதற்குத் தெரியும்.

இதில் முக்கியமான விஷயம், அசைவு. மரத்தடியில் அசையாமல் இருக்கும் மனிதரை அது கண்டுகொள்ளாமல் போய்விடலாம். ஆனால் மூக்கில் உட்கார்ந்த கொசுவை விரட்ட ஒரு விரல் தூக்கினால் போதும், ஆட்டம் முடிந்தது. பறவை நின்று யோசிக்காது. கிளம்பிவிடும்.

கூடாரம் செய்யும் வேலை இங்கேதான். அது உங்களை மறைக்கிறது என்பதைவிட, உங்கள் அசைவை மறைக்கிறது என்று சொல்வதே சரி. மான் வேட்டைக்காரர்கள் கூடாரத்தைப் பல நாள் முன்பே வைத்து மான்களுக்குப் பழக்கிவிடுவார்கள். வான்கோழிக்கு அந்தப் பாடு பெரும்பாலும் தேவையில்லை. நேற்று வெறும் புல்வெளியாக இருந்த இடத்தில் இன்று காலை ஒரு கறுப்புப் பெட்டி முளைத்திருந்தாலும், அது அசையாமல் இருந்தால் பறவை பக்கத்திலேயே மேய்ந்துகொண்டு போகும். துணி காற்றில் படபடத்தால் மட்டும் மிரளும்.

யாருக்கு இது தேவை?

எல்லோருக்கும் தேவையில்லை. பொறுமையாக அசையாமல் உட்காரத் தெரிந்தவருக்கு அகலமான ஒரு மரமும் உருமறைப்பு உடையும் போதும். மேற்கு மாநிலங்களின் மலைக்காடுகளில் சத்தம் வரும் திசை நோக்கி மைல் கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். அங்கே 10 கிலோ கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது வீண் வேலை.

ஆனால் மூன்று பேருக்கு இது வரப்பிரசாதம். ஒன்று, குழந்தையோடு போகிறவர்கள். பல மாநிலங்களில் சிறுவர்களுக்கென்றே தனி வேட்டை நாட்கள் உண்டு. பன்னிரண்டு வயதுப் பையனை மூன்று மணி நேரம் சிலை மாதிரி உட்கார வைக்க யாரால் முடியும்? கூடாரத்துக்குள் அவன் பிஸ்கட் சாப்பிடலாம், காலை நீட்டலாம், தூங்கக்கூடச் செய்யலாம். இரண்டு, வில் அம்பு வைத்து வேட்டையாடுகிறவர்கள். நாணை இழுப்பது பெரிய அசைவு. திறந்தவெளியில் வான்கோழி முன்னால் அதைச் செய்து தப்பிப்பது அபூர்வம். மூன்று, வயதானவர்கள், முதுகு வலி உள்ளவர்கள். உள்ளே நாற்காலி போட்டு உட்காரலாம் என்பதே அவர்களுக்குப் பெரிய நிம்மதி. மழை வந்தாலும் நனையாமல் இருக்கலாம்.

என்னென்ன வகை இருக்கிறது?

கடையில் அதிகம் விற்பது 'ஹப்' வகை. ஒவ்வொரு சுவரின் நடுவிலும், கூரையின் நடுவிலும் ஒரு பிடி இருக்கும். அதை வெளியே இழுத்தால் உள்ளே இருக்கும் கம்பிகள் விறைத்துச் சுவர் நிமிர்ந்துவிடும். பழகிவிட்டால் ஓரிரு நிமிட வேலை. உள்ளே இரண்டு மூன்று பேர் உட்காரலாம். விலை 100 டாலருக்குக் கீழே ஆரம்பித்து 500 டாலரையும் தாண்டிப் போகிறது.

அடுத்தது ஸ்பிரிங் கம்பி வகை. பையிலிருந்து எடுத்து உதறினால் தானாக விரியும். எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் காற்றுக்கு அதிகம் ஆடும். இதைத் திரும்ப மடித்துப் பைக்குள் போடுவது ஒரு தனிக்கலை. வீட்டு முற்றத்தில் நாலு தடவை பழகாமல் காட்டுக்குக் கொண்டு போக வேண்டாம்.

மூன்றாவது, வெறும் தடுப்புத் துணி. நாலைந்து குச்சியோடு வரும். முன்னால் இடுப்பு உயரத்துக்கு நட்டுவிட்டு, பின்னால் மரத்தில் சாய்ந்துகொள்ளலாம். சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். தனியாகப் போகிறவருக்கு இதுவே நல்ல நடுவழி. ஆனால் தலையும் தோளும் வெளியே தெரியும் என்பதால் முகமூடி, கையுறை கட்டாயம். நாலு பக்கமும் மேலேயும் மூடியது போன்ற சுதந்திரம் இதில் கிடைக்காது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பலரும் மேல்துணியின் டிசைனைப் பார்த்து வாங்குகிறார்கள். எந்தக் காட்டு இலை, எந்த மரப்பட்டை என்று கடையில் நின்று யோசிப்பார்கள். உண்மையில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் பார்க்க வேண்டியது உட்பக்கம். உள்ளே முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும். தையல் ஓட்டைகள் வழியாகவும், ஜிப் ஓரங்களிலும் வெளிச்சம் கசியக்கூடாது. வெயிலில் நிறுத்தி உள்ளே நுழைந்து பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து ஜன்னல். திறக்கும்போது சத்தம் வருகிறதா? 'பர்ர்ர்' என்று பிரியும் ஒட்டுப்பட்டை இருந்தால் யோசிக்கவும். கொக்கி, காந்தம், சத்தமில்லாமல் நகரும் துணி என்று இப்போது பல விதம் உண்டு. ஜன்னலின் அடிவிளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். பெரியவருக்குச் சரியாக இருக்கும் ஜன்னல், உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்குக் கண்ணுக்கு மேலே போய்விடும். நாற்காலியையும் கூடவே எடுத்துப்போய்க் கடையிலேயே உட்கார்ந்து பார்ப்பவர்கள் புத்திசாலிகள்.

வில்காரர்களுக்கு உயரம் இன்னும் முக்கியம். நாணை முழுக்க இழுத்த நிலையில் வில்லின் மேல்முனை கூரையில் இடிக்கக்கூடாது. பின்னால் முழங்கை சுவரில் முட்டக்கூடாது.

சில கூடாரங்களின் சுவர் உள்ளிருந்து பார்த்தால் வலை மாதிரி வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. விலை அதிகம்தான். ஆனால் கூடாரத்தின் பெரிய குறையே முன்னால் தவிர எதுவும் தெரியாதது என்பதால், பணம் இருந்தால் அதற்குச் செலவு செய்வது நியாயம்.

எங்கே வைப்பது?

முந்தைய நாள் மாலையிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும். பறவைகள் எந்த மரத்தில் தங்குகின்றன, காலையில் இறங்கி எந்தப் பக்கம் நடக்கின்றன, எங்கே மேய்கின்றன? தங்கும் மரத்துக்கு அடியிலேயே போய்க் கூடாரம் போட்டால் இருட்டில் நீங்கள் எழுப்பும் சத்தத்திலேயே பறவை உஷாராகிவிடும். மேயும் புல்வெளியின் ஓரம், காட்டுப் பாதை வெளியில் வந்து சேரும் இடம், இவைதான் நல்ல இடங்கள்.

கூடாரத்தின் முதுகு மரங்களை ஒட்டியபடி நிழலில் இருக்கட்டும். காலைச் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் நல்லது. சூரியனைப் பார்த்து ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளிச்சம் நேராக உள்ளே வந்து உங்கள் முகத்தைப் படம் பிடித்துக் காட்டிவிடும்.

ஆணி அடிக்காமல் உட்காராதீர்கள். நாலு மூலையிலும் ஆணி, சுவர் நடுவிலுள்ள பிடிகளில் கயிறு. காற்று இல்லை என்று விட்டுவிட்டால், எட்டு மணிக்கு ஒரு காற்று வரும், கூடாரம் உருண்டு போகும். அடித்த பிறகு உள்ளே தரையில் இருக்கும் காய்ந்த இலை, சுள்ளியை எல்லாம் வெறும் மண் தெரியும்வரை கூட்டித் தள்ளிவிட வேண்டும். காலை நகர்த்தினால் சரசரக்காமல் இருக்கும். வான்கோழிக்குக் காதும் கூர்மைதான்.

பொது நிலங்களில் பல இடங்களில் கூடாரத்தை இரவு விட்டுவிட்டுப் போகக்கூடாது, அன்றன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்ற விதி உண்டு. அந்தந்த மாநிலத்தின் வேட்டை விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

உள்ளே உட்கார்ந்த பிறகு?

இங்கேதான் ஒரு வேடிக்கை. கூடாரத்துக்கு வெளியே பச்சை, பழுப்பு உருமறைப்பு உடை நல்லது. உள்ளே அதுவே பிரச்னை. பின்னணி முழுக்கக் கறுப்பாக இருக்கும்போது பச்சை உடை தனியாகத் தெரியும். அதனால் உள்ளே கறுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, முகத்துக்கும் கைக்கும் கறுப்பு. கூத்தில் திரைக்குப் பின்னால் நிற்கிறவர் மாதிரி.

எல்லா ஜன்னலையும் திறந்து வைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. பின் ஜன்னலும் முன் ஜன்னலும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் உங்கள் உருவம் நிழல்படம் மாதிரி பின்வெளிச்சத்தில் தெரியும். பறவை வரும் பக்கம் மட்டும், தேவையான அளவு மட்டும் திறக்க வேண்டும். ஜன்னலை ஒட்டி உட்காராமல் பின்சுவர் பக்கம் தள்ளி உட்கார வேண்டும்.

குளிருகிறது என்று மூடிய கூடாரத்துக்குள் கேஸ் அடுப்போ ஹீட்டரோ பற்ற வைப்பது உயிருக்கே ஆபத்து. துணி தீப்பிடிக்கலாம். அதைவிட மோசம், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு. இன்னொரு போர்வை கொண்டு போங்கள்.

சுடும் நேரத்தில் பலர் கவனிக்காத ஒன்று: துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவி குழலுக்கு மேலே இருக்கிறது. உங்கள் கண்ணுக்கு ஜன்னல் வழியாகப் பறவை தெளிவாகத் தெரியும். ஆனால் கீழே இருக்கும் குழல் ஜன்னல் விளிம்புத் துணியை நோக்கி இருக்கும். குழல் முனை ஜன்னலைத் தாண்டி வெளியே இருக்கிறதா என்று பார்த்த பிறகே சுட வேண்டும். உள்ளேயே வெடித்தால் துணி கிழிவது ஒரு பக்கம், பக்கத்தில் இருக்கும் குழந்தையின் காது என்ன ஆகும்? காதடைப்பான் இருவருக்குமே அவசியம். அம்பு விஷயத்திலும் இதே கதைதான். குறிமுனை ஜன்னலுக்குள் இருக்கும், அம்பு அதற்குக் கீழே போய்த் துணியில் மோதும்.

பொம்மைப் பறவையை எவ்வளவு தூரத்தில் வைப்பது?

ஷாட்கன் என்றால் கூடாரத்திலிருந்து சுமார் 20 கஜம். பொதுவாக 40 கஜத்துக்கு மேல் சுடுவதை அனுபவசாலிகள் தவிர்க்கிறார்கள். பறவை பொம்மைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாலும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்பதுதான் கணக்கு. வில் என்றால் இன்னும் கிட்டத்தில், 10 கஜம் அளவில் வைப்பவர்கள் உண்டு.

பெட்டைப் பொம்மை ஒன்று, கூடவே இளம் ஆண் பொம்மை ஒன்று வைப்பது வழக்கம். "நம்ம ஏரியாவில் ஒரு பொடியன் பெட்டையோடு நிற்கிறானா?" என்று பெரிய ஆண் பறவை கோபத்தோடு வரும். அது பெரும்பாலும் ஆண் பொம்மையின் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். அதனால் ஆண் பொம்மையின் முகத்தைக் கூடாரம் பக்கம் திருப்பி வைப்பார்கள். பொம்மை மீதே பறவையின் கவனம் இருப்பதால் கூடாரத்துக்குள் நடக்கும் சின்ன அசைவும் தப்பிவிடும்.

நமக்கும் இது புதிதல்ல. ஒரு விலங்கைக் காட்டி இன்னொன்றைப் பிடிக்கும் வழக்கம் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. அப்படிப் பழக்கி வைத்த விலங்குக்கு 'பார்வை' என்று பெயர்.

உண்மையான ஆபத்து எங்கே?

இப்போது இந்தக் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருவோம். வேட்டைக் காட்டில் நீங்கள் மட்டும் இல்லை. பெட்டைக் குரல் கேட்டு ஆண் வான்கோழி மட்டும் வராது, இன்னொரு வேட்டைக்காரரும் வரலாம். அவருக்குக் காதில் விழுவது பறவைக் குரல். கண்ணில் படுவது புல்லில் நிற்கும் பறவை உருவம். பொம்மைக்குப் பின்னால் துணிக்குள் ஒரு அப்பாவும் பிள்ளையும் இருப்பது தெரியாது. உருமறைப்பு நன்றாக இருக்க இருக்க ஆபத்தும் கூடும். வான்கோழியைத் தலை, கழுத்தைக் குறிவைத்துத்தான் சுடுவார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

திறந்த மரத்தடியில் இருப்பவருக்காவது பக்கவாட்டில் யார் வருகிறார்கள் என்று தெரியும். கூடாரத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. மூன்று பக்கம் மூடியிருக்கிறது. துணி எந்தக் குண்டையும் தடுக்காது.

அதனால் சில பழக்கங்கள். கூடாரத்தைத் தோளைவிட அகலமான மரத்துக்கு முன்னால் வைத்தால் பின்னாலிருந்து வரும் குண்டுக்கு ஒரு தடுப்பு. வெளிப்பக்கம், நாலு திசையிலும் தெரியும்படி பளீர் ஆரஞ்சுத் துணி கட்டுவது நல்லது. நிறம் தெரிகிற பறவை மிரண்டுவிடாதா என்று கேட்கலாம். அசையாமல் இறுக்கிக் கட்டிய துணிக்கு அது பெரிதாக மிரள்வதில்லை. ஒரு பறவை தவறிப்போனாலும் பரவாயில்லை என்பதுதான் நம் கருத்து. மான் துப்பாக்கி சீசனில் கூடாரத்தின் மேல் ஆரஞ்சு நிறம் காட்டுவதைச் சட்டமாகவே வைத்திருக்கும் மாநிலங்கள் உண்டு.

சிவப்பு, வெள்ளை, நீலம் இந்த மூன்று நிறமும் உங்கள் மேல் எங்கும் தெரியக்கூடாது. ஆண் வான்கோழியின் தலை நிறங்கள் அவை. வெள்ளைக் கைக்குட்டை, சிவப்பு சாக்லேட் தாள், நீலத் தண்ணீர் பாட்டில் எல்லாம் இதில் சேரும். குழந்தையின் பையை வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.

இன்னொருவர் நடந்து வருவது தெரிந்தால் கை அசைக்க வேண்டாம், விசில் அடிக்க வேண்டாம், பறவைக் குரல் எழுப்பவே வேண்டாம். அசையாமல் இருந்தபடி உரக்க, தெளிவாக மனிதக் குரலில் பேச வேண்டும். "இங்கே ஆள் இருக்கோம், நில்லுங்க!" அவ்வளவுதான். அன்றைய காலை வேட்டை கெட்டுப்போகும், கெடட்டும்.

உங்கள் பக்கமிருந்தும் இதே கவனம் வேண்டும். சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது பொம்மையும் பறவையும் மட்டும்தான் தெரியும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? வேலி, சாலை, வீடு, இன்னொரு கூடாரம்? விடிந்த பிறகு, பறவை வருவதற்கு முன்பே இதைப் பார்த்து முடிவு செய்துவிட வேண்டும். எந்த மரத்திலிருந்து எந்த மரம் வரை சுடலாம் என்று குழந்தைக்கும் சொல்லிவிட வேண்டும். பல மாநிலங்களில் வசந்த சீசனில் மார்பில் தாடி மாதிரி முடிக்கற்றை தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம். அந்தத் தாடி கண்ணுக்குத் தெரியும்வரை விரல் விசைக்குப் போகக்கூடாது. நியூயார்க் மாதிரியான மாநிலத்தில் வசந்த வேட்டை சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கி நண்பகலோடு முடிந்துவிடும். ஆரம்ப அரை மணி நேரத்தின் மங்கல் வெளிச்சம்தான் கண்ணை ஏமாற்றுகிற நேரம்.

பறவை விழுந்ததும் குழந்தைகள் ஓடப் பார்ப்பார்கள். முதலில் துப்பாக்கியைப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுவந்து, வெளியே யாராவது வருகிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டே ஜிப்பைத் திறக்க வேண்டும். பொம்மைகளையும் பையில் போட்டு மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும். தோளில் இறக்கை விரிந்து தொங்க, சிவப்புத் தலை ஆட, செத்த பறவையைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் நடப்பது மாதிரி ஆபத்து வேறில்லை. அதை ஆரஞ்சுத் துணியில் முழுசாகச் சுற்றி, தலையில் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே வண்டி வரை நடந்து வரட்டும்.